தலை நிமிராத உரிமை

என் அக்கா மகன் நல்ல பிள்ளை. பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறான். வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட தட்டை மட்டுமல்ல, தொட்டியில் கிடக்கும் பாத்திரத்தையும் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்காருவான். ஆனால் எங்கள் அடுக்குமாடியின் லிஃப்டில் ஏறிவிட்டால், மூன்றாவது மாடி வரும்வரை அவனுக்கு உலகத்தில் ஒருவரும் கிடையாது. போன மாதம் எங்களோடு ஏறிய கீழ்வீட்டுப் பெரியவர், "தம்பி எப்ப வந்தாப்ல?" என்று கேட்டார். அவன் காதில் விழவில்லை. விழுந்திருக்கலாம், கைபேசித் திரையில் விரல் நிற்கவில்லை. வெளியே வந்ததும் ஏன்டா இப்படி என்றேன். கோபப்படாமல், பொறுமையாக எனக்குப் பாடம் எடுத்தான்.

"மாமா, நான் எப்ப வந்தேன்னு தெரிஞ்சு அவருக்கு என்ன ஆகப்போகுது? விஷயம் இருந்தா பேசலாம். இல்லேன்னா அவங்கவங்க நேரத்த அவங்கவங்க வச்சுக்கலாம். இதுல மரியாதைக் குறைவு எங்க வந்துச்சு?"

இது அவன் ஒருவனுடைய கருத்து என்றால் மாமனும் மருமகனும் வீட்டுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம். நகரத்தில் படித்து, சம்பாதித்து, வாடகையோ மாதத் தவணையோ கட்டிக்கொண்டிருக்கும் பலரின் எண்ணம் இன்று இதுதான். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். வணக்கம், நலமா என்பதெல்லாம் உள்ளே ஒன்றுமில்லாத சடங்கு. மனதில் இல்லாததை வாயால் சொல்வது போலி. அதிலும் நம் ஊரில் கும்பிடு என்பது பண்ணையடிமைக் காலத்து மிச்சம், தொலைந்தால் நல்லது. வேண்டியவர்களோடு நாள்முழுக்கக் கைபேசியில் தொடர்பில்தான் இருக்கிறோம், வழியில் போகிறவருக்கு எதற்கு முகமன்? இந்தப் பேச்சில் ஓரிடத்தில் நியாயம் இருக்கிறது. இன்னோரிடத்தில் மிக வலுவான நியாயம் இருக்கிறது. மற்றதெல்லாம் சோம்பலுக்கு மாட்டிவிட்ட கோட்டு.

நியாயத்தை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அலுவலக அரட்டையில் "ஹாய்" என்று மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்களைக் கண்டால் என் மருமகனின் கூட்டாளிகள் எல்லோருக்கும் எரிச்சலாம். வணக்கத்தோடு விஷயத்தையும் சேர்த்து அனுப்பவும் என்று சிலர் தங்கள் பெயருக்குக் கீழே எழுதியே வைத்திருக்கிறார்களாம். சரிதான். எழுத்தில் தனியாக வரும் "ஹாய்", கதவைத் தட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும் பையனைப் போன்றது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரியாமல் கைவேலையை நிறுத்திவைத்துவிடும். ஆனால் திரைக்குள் பொருந்துகிற விதியை லிஃப்டுக்குள் கொண்டுவந்தால் கணக்குத் தப்புகிறது. கீழ்வீட்டுப் பெரியவர் செய்தி அனுப்பவில்லை. அவரே வந்து நிற்கிறார்.

என் அப்பா கோவில்பட்டிக்கும் மணியாச்சிக்கும் நடுவே ஒரு சின்ன ரயில் நிலையத்தில் பாயின்ட்ஸ்மேனாக இருந்தார். பாதி வண்டிகள் அங்கே நிற்காது. நிற்காத வண்டி வந்தால் ஸ்டேஷன் மாஸ்டர் பிளாட்பாரத்தில் பச்சைக் கொடியோடு நிற்பார். அப்பா தண்டவாளத்தைத் தாண்டி மறுபக்கம் போய் நிற்பார். இரவென்றால் பச்சை விளக்கு. எஞ்சினிலிருந்து டிரைவர் கையை நீட்டிப் பதில் காட்டுவார். கடைசிப் பெட்டியிலிருந்து கார்டு கொடி காட்டுவார். கார்டு என்ற பதவிக்கு 2022-இல் டிரெயின் மேனேஜர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். காட்டுகிற கொடி அதேதான். ஆல்ரைட் காட்டுவது என்று ரயில்வேக்காரர்கள் இதைச் சொல்வார்கள். சிறுவயதில் எனக்கு இது பெரிய வேடிக்கை. ஊர்பேர் தெரியாத மனிதருக்கு மழையிலும் வெயிலிலும் நின்று டாட்டா காட்டுவதற்கா அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று அப்பாவிடமே கேட்டிருக்கிறேன்.

"கை சும்மா கொடியப் புடிச்சிருக்கும்ல. கண்ணு சக்கரத்துல இருக்கும்" என்றார்.

அச்சு சூடேறிப் புகைகிறதா, பெட்டிக்கடியில் கம்பி ஏதும் தொங்குகிறதா, சரக்குப் பெட்டியின் கதவு திறந்து கிடக்கிறதா, கடைசிப் பெட்டி என்பதற்கான பலகை பின்னால் இருக்கிறதா. வண்டி கடந்துபோகும் அந்தச் சில நொடிகளில் இதையெல்லாம் பார்த்தாக வேண்டும். ஏதாவது கண்ணில் பட்டால் பச்சை போய்ச் சிவப்பு எழும். ஓட்டுகிறவரால் தன் வண்டியின் வயிற்றைப் பார்க்க முடியாது. வெளியே நிற்கிற ஒருவன் பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

வணக்கத்தில் விஷயமில்லை என்பவர்கள் கொடியை மட்டும் பார்க்கிறார்கள், கண்ணைப் பார்ப்பதில்லை. நம் ஊர் விசாரிப்புகளையே எடுத்துக்கொள்ளுங்கள். கையில் பை இருக்கும், போகிற திசை கடைத்தெரு. ஆனாலும் "என்ன, கடைக்கா?" என்போம். "ஆமா" என்பார். நெற்றியில் ஈரத் திருநீறோடு வருபவரிடம் "கோயிலுக்கா?" என்போம். விடையைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி. தகவல் என்ற கணக்கில் இதன் மதிப்பு சைபர். ஆனால் அந்த "ஆமா" எப்படி வருகிறது என்பதில் ஆள் இருக்கிறார். நேற்றுவரை நின்று பேசியவர் இன்று நிற்காமல் "ஆமா" சொன்னால், வீட்டில் ஏதோ சரியில்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். குரலில் புகை தெரியும்.

இதைப் பெரிய மொழியில் சொல்லத்தான் ஆள் வேண்டும் என்றால் அதற்கும் இருக்கிறார்கள். போலந்தில் பிறந்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி, நியூகினியை ஒட்டிய டிரோபிரியாண்ட் தீவுகளில் வாழ்ந்து பார்த்தவர். 1923-இல் எழுதிய ஒரு கட்டுரையில், மனிதர்கள் கருத்தைத் தெரிவிக்க மட்டும் பேசுவதில்லை, சேர்ந்திருப்பதற்காகவே பேசுகிறார்கள் என்று எடுத்துக்காட்டினார். நலம் விசாரிப்பதும் வானிலையைப் பற்றி இரண்டு வார்த்தை போடுவதும் அந்த வகைதான் என்றார். எதிரில் நிற்பவனின் மௌனம் இயல்பாகவே அச்சமூட்டுவது, அதை உடைப்பதுதான் முதல் வேலை என்பதும் அவர் சொன்னதுதான். அது ஆதிவாசிகளைப் பற்றிய செய்தி, நமக்கென்ன என்று கேட்க வழியில்லை. ஐரோப்பிய வரவேற்பறைக்கும் இதே கதைதான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

கொடி காட்ட ஆளில்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு ஒரு கொடுமையான சான்று உண்டு. 1995 ஜூலையில் சிகாகோ நகரத்தில் அனல் அடித்தது. அந்த ஒரு வாரத்தில் வழக்கத்தைவிட 739 பேர் அதிகமாகச் செத்தார்கள். பூட்டிய அறைகளில் தனியாகக் கிடந்து இறந்த முதியவர்கள் அதில் பலர். எரிக் கிளினென்பெர்க் என்ற சமூகவியலாளர் அடுத்தடுத்து இருந்த இரண்டு ஏழைக் குடியிருப்புகளை ஒப்பிட்டார். இரண்டிலும் தனியாக வாழும் முதியவர்கள் ஏராளம். ஆனால் கடையும் நடமாட்டமுமாகத் தெரு உயிரோடு இருந்த பகுதியில் சாவு வெகு குறைவு. மற்றதில், கடைகள் மூடி, வீடுகள் காலியாகி, வெளியே இறங்கவே பயப்படும் நிலை. அங்கேதான் பிணங்கள் அதிகம். வெயில் இரண்டு தெருவுக்கும் ஒன்றுதான். அப்போது யார் கையிலும் இன்றைய கைபேசி இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்; தெருவைச் சாகடிக்க அது ஒன்றுதான் வழி என்று நான் வாதிடவில்லை.

போலித்தனம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். மனதில் அன்பில்லாமல் நலமா என்று கேட்பது பொய்தானே என்கிறார்கள். இதைச் சொல்பவர்கள் தமிழ் வீட்டு வாசலில் நின்றதில்லையோ என்று எனக்குத் தோன்றும். எங்கள் பக்கம் "வாங்க" என்ற ஒரு சொல்லுக்காகக் குடும்பங்கள் பத்துவருடம் பேசாமல் இருந்திருக்கின்றன. "பந்தல்ல நின்னோம், வான்னு ஒரு வார்த்தை சொல்லல." விருந்தில் பாயசம் போதவில்லை என்றால் மன்னித்துவிடுவார்கள், இதை மன்னிக்க மாட்டார்கள். அதேசமயம் வரப்புத் தகராறில் கோர்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும் பங்காளி கல்யாணத்துக்கு வந்தாலும், பெண்ணின் தகப்பன் வாசலுக்கு வந்து "வாங்க" என்றுதான் சொல்வார். அங்கே அன்பு இருப்பதாக இருவரும் நினைப்பதில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. உன் மேல் எனக்குப் பிரியம் என்று அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. நீ வந்ததை நான் கண்டேன், அவ்வளவுதான். அதைச் சொல்ல மனதைத் துருவிப் பார்க்கத் தேவையில்லை.

இந்தச் சொல்லை எவ்வளவு கவனமாக வைத்திருக்கிறோம் என்பதற்கு எழவு வீடு சாட்சி. அங்கே "வாங்க" கிடையாது. கிளம்பும்போது "வர்றேன்" கிடையாது. மற்ற நாளில் "போறேன்" என்று வாய்தவறிச் சொன்னாலே "போயிட்டு வர்றேன்னு சொல்லு" என்று அதட்டுகிற அதே மனிதர்கள், துட்டி வீட்டிலிருந்து ஒன்றும் சொல்லாமல் இறங்கி நடப்பார்கள். வருகிறவர்களின் கையை வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று தொடுகிற வழக்கம் பல ஊர்களில் உண்டு. வார்த்தையின் இடத்தில் கை. எங்கே சொல்வது, எங்கே சொல்லாமல் விடுவது என்று இத்தனை நுட்பமாகப் பிரித்து வைத்த ஒன்றை உள்ளீடற்றது என்று சொல்வதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

வேண்டியவர்களுக்குத்தான் தினமும் சொல்கிறோமே என்ற வாதத்தில் நான் எதிர்பாராத இடத்தில் அகப்பட்டுக்கொண்டவன். காலை வணக்கப் படங்களை நெடுநாள் கேலி செய்திருக்கிறேன். பனித்துளி ரோஜா, ஆவி பறக்கும் காபி, மேலே பொன்னெழுத்தில் ஓர் உபதேசம். இந்தியர்களின் கைபேசிகள் ஏன் இப்படி நிரம்பித் திணறுகின்றன என்று கூகுள் பொறியாளர்கள் ஆராயப்போய், காலை வணக்கப் படங்களில் வந்து முட்டிக்கொண்ட செய்தி 2018-இல் வந்தது. அவற்றைத் தேடி அழிப்பதற்கென்றே ஒரு வசதியைச் செய்துகொடுத்தார்கள். சிரிக்காமல் என்ன செய்வது? எங்கள் பழைய மாணவர் குழுவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமத்தில் தனியாக இருப்பவர், காலை ஐந்தே முக்காலுக்குத் தவறாமல் பூ அனுப்புவார். ஒருநாள் பூ வரவில்லை. ஏழு மணிக்கு ஒருவர் "ஐயா?" என்று போட்டார். எட்டரைக்குள் நாலு பேர் அவரை அழைத்துப் பார்த்துவிட்டார்கள். போன் அணைந்து கிடந்தது. யாரிடமோ பக்கத்து வீட்டுக்காரரின் எண் இருந்தது. அவர் சுவர் மேல் ஏறி எட்டிப் பார்த்தார். ஐயா கொய்யா மரத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். சார்ஜர் வயரை எலி கடித்துவிட்டதாம்.

அன்றிலிருந்து ரோஜாவைக் கேலி செய்வதை விட்டுவிட்டேன். அதுவும் பச்சைக் கொடிதான். ஆனால் கடைசியில் சுவரேறி எட்டிப் பார்க்க ஒரு முகம் தேவைப்பட்டது என்பதை மறக்கவில்லை. கைபேசி வணக்கத்துக்கு இருக்கிற பெரிய குறை அது செயற்கையானது என்பதல்ல. எண் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அது போகும். காலையில் குப்பை எடுக்க வருகிற அம்மாவின் எண் உங்களிடம் இருக்கிறதா? நாள்தோறும் ஏறுகிற பேருந்தின் கண்டக்டருக்கு ரோஜா அனுப்ப முடியுமா? வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுவருகிற பையனோடு நமக்கு இருக்கிற முழு உரையாடல் நாலு எண்கள். "சார், ஓடிபி." "ஏழு, மூணு, மூணு, ஒண்ணு." கதவு சாத்திக்கொள்கிறது. மழையில் நனைந்து வந்திருக்கிறானா என்றுகூடத் தெரியாது, ஏனென்றால் எண்ணை வாசிக்கும்போது நம் கண் திரையில் இருக்கிறது.

இனி அந்த வலுவான நியாயம். அதைச் சொன்னவர் என் வழக்கறிஞர் நண்பர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "எங்க தாத்தா தோள்ல கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கும்பிட்ட தெருங்க அது. அதே தெருவுல நான் எவன் மூஞ்சியையும் பாக்காம, போனைப் பாத்துக்கிட்டு நடந்து போறேன் பாருங்க, அது எனக்கு விடுதலை. நீங்க பழைய மரியாதை போச்சேன்னு அழுவுறீங்க. போகட்டும்."

இதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிட முடியாது, சொல்லவும் கூடாது. அவர் தாத்தா காலம் கற்பனை அல்ல. 1930-இன் இறுதியில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது, பெண்கள் பூ வைக்கக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தலைமை வகித்த ஹட்டன் இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். ஒருவன் தெருவில் எப்படி நிற்க வேண்டும் என்பதுவரை வகுத்து வைத்திருந்த ஊரில், கும்பிடு என்பது பண்பாடு என்று பேசுகிறவரைக் கண்டால் எனக்கும் கூசும். அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார்கள், கைபேசி வந்து கெடுத்துவிட்டது என்று புலம்புகிற கோஷ்டியில் என்னைச் சேர்க்க வேண்டாம்.

ஆனால் நண்பர் காட்டுகிற அந்தக் காட்சியையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். அவர் தாத்தா கும்பிட்டார். திண்ணையில் இருந்தவர் என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார், அல்லது கணக்குப் புத்தகத்தில் இருந்தார். வெயிலில் ஒரு மனிதன் இடுப்பு வளைந்து கால் மணிநேரம் நிற்க, அவர் தலை நிமிரவில்லை. பிறகு "என்னடா?" என்றார், அதையும் புத்தகத்தைப் பார்த்தபடியே. அதிகாரம் முழுவதும் அந்த நிமிராத தலையில் இருந்தது. அந்தத் தெருவில் அசிங்கம் வணக்கத்தால் வரவில்லை, அது ஒருபக்கமாகவே ஓடியதால் வந்தது. எதிரில் நிற்பவனைக் காணாமலிருக்கும் உரிமை ஒருவருக்கு மட்டும் இருந்தது.

அந்த உரிமைதான் இன்று நம் எல்லோருடைய சட்டைப் பையிலும் இருக்கிறது. திண்ணை ஜமீன்தாரின் பழைய வழக்கத்தைக் கைபேசி தவணை முறையில் எல்லோருக்கும் விற்றுவிட்டது. முதியோர் உதவித்தொகை விஷயமாக என் அத்தையோடு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் கைபேசியில் ஏதோ ஓட்டப் பந்தயம் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை "வணக்கம் சார்" என்றாள். பதிலில்லை. இன்னொரு முறை சொன்னாள். பந்தயம் முடிந்த பிறகு, தலை நிமிராமலே கை மட்டும் மனுவுக்காக நீண்டது. முப்பது வருடம் முன்னால் அதே மேசையில் கோப்பைப் பார்த்தபடி கையை நீட்டியவரை எனக்குத் தெரியும். கருவி மாறியிருக்கிறது.

இதெல்லாம் கவனச்சிதறல், ஒரு நோய், மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று பரிதாபப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். என் மருமகனின் மேலாளர் லிஃப்டில் ஏறினால் அவன் போன் தானாகப் பைக்குள் போய்விடுகிறது. அவனே சிரித்துக்கொண்டு ஒப்புக்கொண்டான். பெண் பார்க்கப் போன வீட்டில் இரண்டு மணிநேரம் அவன் திரையைத் தொடவில்லை. அமைச்சர் வருகிற கூட்டத்தில் யாருக்கும் கவனம் சிதறுவதில்லை. மேலே இருப்பவரிடம் தெளிவாகத் தெரிகிற கண், கீழே வந்ததும் மங்கிவிடுகிறது என்றால் அதற்கு வைத்தியரிடம் போய்ப் பயனில்லை. நண்பர் தன் ஊர்த் தெருவில் தலையாட்ட மறுக்கிறார் என்றால் பறித்தவனுக்கு மறுக்கிறார். அதில் குறுக்கிட எனக்கு வாயில்லை. நானும் என் மருமகனும் யாருக்கு மறுக்கிறோம்? காவலாளிக்கு, பெருக்குகிறவருக்கு, பார்சல் பையனுக்கு, கீழ்வீட்டுக் கிழவருக்கு.

சுயமரியாதை இயக்கம் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன்னால் நம்மிடம் ஆளுக்கொரு முகமன் இருந்தது. இவரென்றால் நமஸ்காரம், அவரென்றால் கும்பிடுறேன் சாமி, இன்னொருவரென்றால் தரையில் விழுவது. தனித்தமிழ் இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் பொதுமேடைக்குக் கொண்டுவந்த "வணக்கம்" எல்லோருக்கும் ஒரே அளவு. நிமிர்ந்து நின்று, நெஞ்சுக்கு நேரே இரண்டு கை. சொன்னவருக்கும் கேட்டவருக்கும் அதே சொல் திரும்பி வரும். பெரியார் தள்ளாத வயதிலும் வந்தவரை எழுந்து வரவேற்க முயல்வார் என்றும், சிறுவர்களைக்கூட "வாங்க, போங்க" என்றே பேசுவார் என்றும் அவரோடு பழகியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். கும்பிடு ஒழிய வேண்டும் என்று சொன்ன மனிதர் வணக்கத்தைக் குறைக்கவில்லை. கூட்டினார். எல்லோருக்கும் கொடுத்தார்.

இஸ்லாமிய மரபு இதை விதியாகவே வைத்திருக்கிறது. காயல்பட்டினத்து நண்பர் வீட்டில் தங்கியிருந்தபோதுதான் எனக்குத் தெரியவந்தது. வாகனத்தில் போகிறவர் நடந்து போகிறவருக்கு முதலில் சலாம் சொல்ல வேண்டும். நடந்து போகிறவர் உட்கார்ந்திருப்பவருக்குச் சொல்ல வேண்டும். சிறு கூட்டம் பெருங்கூட்டத்துக்கு. குதிரை மேல் இருப்பவன் கீழே நிற்பவனுக்கு முந்திக்கொள்ள வேண்டும் என்கிற அந்த ஏற்பாட்டை, நம் திண்ணைக்காரர்கள் கேட்டிருந்தால் வெற்றிலை தொண்டையில் சிக்கியிருக்கும்.

ஓரிடத்தில் மட்டும் நான் குரலைத் தாழ்த்திக்கொள்கிறேன். என் மகள் இந்தக் கட்டுரையின் முதல் வரைவைப் படித்துவிட்டு, "அப்பா, பஸ்ல தெரியாத ஆளப் பாத்துச் சிரிச்சா, அதையே பதில்னு எடுத்துக்கிட்டு ஸ்டாப்பிங் வரைக்கும் பின்னாலயே வர்றவன் இருக்கான். எனக்கு இந்த இயர்போன் காது கேக்குறதுக்கு இல்ல" என்றாள். பாட்டே ஓடாத இயர்போன். அதைக் கழற்று என்று சொல்ல எந்த ஆணுக்கும் உரிமையில்லை. அந்தப் பிசகைச் செய்தவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் திருந்தும்வரை அது அவள் கேடயம். ரங்கநாதன் தெருவில் எதிரே வருகிற அத்தனை பேருக்கும் யாரும் கைகூப்ப முடியாது என்பதும் தெரிந்ததுதான். பெருங்கூட்டத்தில் ஒருவரை ஒரு கணம் பார்த்துவிட்டுப் பார்வையை விலக்கிக்கொள்வதே ஒரு மரியாதை என்று எர்விங் காஃப்மன் 1963-இல் எழுதினார். அதற்கும் அந்த ஒரு கணப் பார்வை வேண்டியிருக்கிறது.

ஆனால் பயத்தை விதியாக்கினால் அது எங்கே போய் நிற்கும் என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு செய்தி. 2016-இல் கோபே நகரத்து நாளிதழ் ஒன்றில் வந்த வாசகர் கடிதம் அது. ஓர் அடுக்குமாடியில் கூட்டம் நடந்திருக்கிறது. அந்நியர் பேசினால் ஓடிவிடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கிறோம், ஆகவே இந்தக் கட்டடத்தில் யாரும் யாருக்கும் வணக்கம் சொல்ல வேண்டாம் என்று ஒரு பெற்றோர் கேட்டிருக்கிறார். வணக்கம் சொல்லிப் பதில் வராமல் மனம் நொந்திருந்த பெரியவர்களும் சரி என்று தலையாட்ட, தீர்மானம் நிறைவேறிவிட்டது. யோசித்துப் பாருங்கள். யாரும் யாருக்கும் வாய் திறக்காத கட்டடத்தில் ஆபத்தான ஆள் எவர், நாலாம் மாடித் தாத்தா எவர் என்று ஒரு குழந்தை எப்படிப் பிரித்தறியும்?

முன்பின் தெரியாதவரிடம் பேசினால் அவருக்கும் தொந்தரவு, நமக்கும் சங்கடம் என்று நாம் நினைத்துக்கொள்வதே பெரும்பாலும் தப்புக் கணக்கு என்பதற்கும் ஆய்வு இருக்கிறது. அதே சிகாகோவில் ரயிலில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து நிக்கோலஸ் எப்லி, ஜூலியானா ஷ்ரோடர் இருவரும் செய்து 2014-இல் வெளியிட்டார்கள். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேசுங்கள் என்று சிலரிடமும், தனியாக இருங்கள் என்று சிலரிடமும் சொல்லி அனுப்பினார்கள். பேசியவர்களுக்குத்தான் பயணம் இனிமையாக இருந்தது. எது இனிமையாக இருக்கும் என்று முன்கூட்டிக் கேட்கப்பட்டவர்கள் நேர்மாறாகச் சொல்லியிருந்தார்கள். நெல்லை பாசஞ்சரில் முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறினால் இதற்கு ஆய்வு தேவைப்படாது, சாத்தூர் தாண்டுவதற்குள் வெள்ளரிக்காயும் குடும்ப வரலாறும் கைக்கு வந்துவிடும். ஆனால் என் மருமகன் தரவு கேட்கிற ஆள்.

அவனிடம் இத்தனையையும் சொன்னேன். முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது சரி மாமா, ஆனா இது பழக்கமாயிருச்சு" என்றான். பழக்கம் எப்படி ஆகிறது என்பதை அடுத்த வாரமே எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பார்த்தேன்.

நிகழ்ச்சி நிரலில் ஆறாவது பொருள்: வாகனங்கள் உள்ளே வரும்போதும் போகும்போதும் காவலாளிகள் எழுந்து நின்று சல்யூட் அடிக்க வேண்டும். இப்போதெல்லாம் அவர்கள் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று புகார். நான் எழுந்து, நல்லது, வணக்கம் அவசியம்தான், ஆனால் காரில் வருகிறவர்கள் முதலில் சொல்வதாக வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் சிரித்தார்கள். காயல்பட்டினத்து விதியைச் சொன்னேன். செயலாளர் மணியைப் பார்த்தார். ஏசி போட்ட வண்டியில் ஒவ்வொரு முறையும் கண்ணாடியை இறக்க முடியுமா சார் என்று ஒருவர் நியாயமாகவே கேட்டார். தீர்மானம் நிறைவேறியது, எதிர்த்து இரண்டு ஓட்டு. இன்னொன்று கீழ்வீட்டுப் பெரியவருடையது.

மறுநாள் காலை வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தேன். காவலாளி விறைப்பாக எழுந்து, தொப்பியைச் சரிசெய்து, சல்யூட் வைத்தார். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன். சல்யூட் அடித்த கையை அவசரமாகக் கீழே போட்டுவிட்டு, மேசையில் கிடந்த பேரேட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"சொல்லுங்க சார். யாராச்சும் வர்றாங்களா? பார்சல் எதும் வாங்கி வைக்கணுமா?"